வீடு விற்கும் மாதங்களில் காகிதக் கலையை என்ன செய்வது: நான்கு வழிகளின் ஒப்பீடு

பெற்றோரின் வீட்டை விற்க உதவிக்கொண்டிருந்த அதே மாதங்களில் நானும் வேறு வீட்டுக்குக் குடிபெயர வேண்டியிருந்தது. செய்ய வேண்டியவற்றை எழுதிவைத்த தாளில் என் காகித மாதிரிகளுக்கு, அதாவது அச்சிட்ட அட்டையை வெட்டி மடித்து ஒட்டிச் செய்யும் கட்டடம், கப்பல் போன்ற சிறு உருவங்களுக்கு, ஒரு வரிகூட இல்லை. பொழுதுபோக்குதானே, ஓர் ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். ஆனால் ஓரமாக இருக்கும் இயல்பு காகிதத்துக்குக் கிடையாது என்பது முதல் அறையை ஒழிக்கத் தொடங்கியபோதே தெரிந்துவிட்டது. பெற்றோர் வீட்டின் பின்னறையில், பள்ளிக் காலத்திலிருந்து நான் செய்து வைத்தவை மூன்று அலமாரித் தட்டுகளை நிறைத்திருந்தன. என் வீட்டிலோ மேசையின் பாதியை, வெட்டும்போது அடியில் விரிக்கும் கட்டிங் மேட்டும், மீதிப் பாதியைப் பாதியில் நின்ற ஒரு கலங்கரை விளக்கமும் பிடித்திருந்தன. இரண்டு வீடுகளையும் ஒரே நேரத்தில் காலி செய்ய வேண்டியவன், இவற்றைப் பற்றி ஒரு முடிவு எடுக்காமல் ஒரு பெட்டியைக்கூட ஒட்டி மூட முடியாது.

இந்த நிலையில் இருப்பவர் முன் பொதுவாக நான்கு வழிகள் உள்ளன. எல்லாவற்றையும் கட்டிவைத்துவிட்டு, புது வீட்டில் குடியேறி முடியும்வரை கலையை நிறுத்திவைக்கலாம். கடைசி வாரம்வரை வழக்கம்போலத் தொடரலாம். விற்பனை தொடங்கும் முன்பே கலைப்பொருள்களை மட்டும் வேறிடத்துக்கு மாற்றிவிடலாம். அல்லது ஒரே பெட்டிக்குள் அடங்கும் அளவுக்குச் சுருக்கித் தொடரலாம். இவற்றை ஒப்பிடும்போது, நேரம் இருக்கிறதா இல்லையா என்ற ஒற்றை அளவுகோலைத்தான் பலரும் கையில் எடுக்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அது பொருந்தாத அளவுகோல் என்றே இப்போது கருதுகிறேன். விற்பனை நம்மிடம் கேட்பது இடத்தை. குடிபெயர்வு கேட்பது பொருள்களை ஒழுங்குபடுத்துவதை. குடும்பம் கேட்பது நேரத்தையும் கவனத்தையும். இம்மூன்றும் வெவ்வேறு கோரிக்கைகள் என்பதைப் பிரித்துப் பார்க்காதவர், மேசையைக் காலி செய்யச் சொன்னதற்காகக் கலையையே விட்டுவிடுவார், அல்லது பெட்டி கட்டக் கூப்பிட்டவர்களிடம் நேரமில்லை என்று சண்டைக்கு நிற்பார்.

வழிகளுக்குள் போகும் முன் பொருளைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். ஏனெனில் முடிவைப் பாதி தீர்மானிப்பது காகிதத்தின் குணமே. ஏ4 தாள் ஒன்று சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை எத்தனை கிராம் என்பதைக் குறிக்கும். ஆகவே 80 ஜிஎஸ்எம் தாள் ஒன்றின் எடை 5 கிராம், 500 தாள் கொண்ட கட்டு ஒன்றின் எடை 2.5 கிலோ. மாதிரி செய்வோர் அதிகம் பயன்படுத்தும் 160 ஜிஎஸ்எம் அட்டையோ தாளுக்கு 10 கிராம். துணிமணி வைக்கும் பெரிய பெட்டியில் இவற்றை அடுக்கினால் தூக்குகிறவரின் முதுகு பிடித்துக்கொள்ளும், அல்லது பெட்டியின் அடி பிய்ந்துபோகும். தாள்கள் எப்போதும் சிறிய பெட்டிகளில்தான் போக வேண்டும். அதே அட்டையில் செய்து முடித்த மாதிரியின் நிலை இதற்கு நேரெதிர். சிறிய கட்டடமோ கப்பலோ சில பத்து கிராம் எடைதான் இருக்கும், ஆனால் உள்ளே இருப்பது வெறும் காற்று; அதன் மேல் ஒரு நோட்டுப் புத்தகத்தைக்கூட வைக்க முடியாது. ஒரே கலையின் மூலப்பொருளைப் புத்தகக் கட்டைப் போலவும், செய்து முடித்ததைக் கண்ணாடிச் சாமானைப் போலவும் நடத்த வேண்டியிருக்கிறது.

இன்னொன்று ஈரம். காகிதம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதன் இழைகள் நீளவாக்கில் ஏறக்குறைய மாறாமலும் குறுக்குவாக்கில் உப்பியும் போவதால், தாள் ஒரு திசையில் மட்டும் விரிந்து நெளிகிறது. சுவரோரமாகவோ தரையிலோ சில வாரம் கிடந்த அட்டையில் வெட்டிய பாகங்களின் விளிம்புகள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாமல் போவதற்கு, வெட்டியவரின் கையைவிட இந்த உப்பலே பல நேரங்களில் காரணமாக இருக்கிறது. காலி செய்யப்படும் வீட்டில் ஜன்னல்கள் அடைத்தே கிடப்பதும், அறைகள் கழுவப்படுவதும், சுவருக்குச் சுண்ணமோ வண்ணமோ பூசப்படுவதும் சாதாரணம் என்பதால், இந்த மாதங்கள் காகிதத்துக்கு உகந்தவை அல்ல.

இனி முதல் வழி. எல்லாவற்றையும் கட்டிவைத்துவிட்டு நிறுத்துவதில் இருக்கும் பெரிய நன்மை, நிதானமாகக் கட்டலாம் என்பதுதான். அவசரத்தில் கட்டப்படும் மாதிரிதான் நசுங்குகிறது. முதல் வாரத்திலேயே, வேறு நெருக்கடி எதுவும் இல்லாதபோது கட்டப்படுவது பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். குடும்பத்தின் பார்வையிலும் இதற்கு ஒரு மதிப்பு உண்டு: மற்றவர்களிடம் பழைய சாமான்களைக் கழிக்கச் சொல்லப்போகிறவன் தன்னுடையதை முதலில் ஒதுக்கிக் காட்டினால், சொல்லுக்கு ஒரு நியாயம் கிடைக்கிறது. குறை என்னவென்றால், இந்த நிறுத்தத்துக்கு முடிவுநாள் கிடையாது. வீடு சில வாரங்களில் கைமாறலாம், ஓராண்டு இழுக்கவும் செய்யலாம். வாங்க ஒப்புக்கொண்டவர் கடைசியில் பின்வாங்கினால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். அத்தனை நாளும் பெட்டிக்குள் இருக்கும் பாதி முடிந்த வேலை, திறக்கும்போது விடுகதையாகிவிடுகிறது. எண்ணிடாத சிறு பாகங்கள் எதற்குரியவை என்பது மறந்துபோகும். மறுபடி அச்சிட்டால், வேறு மையிலும் வேறு தாளிலும் வரும் நிறம் பழைய பாகங்களின் நிறத்தோடு சேராது. ஆகவே இந்த வழியைத் தேர்பவர், நடப்பிலுள்ள வேலைக்கு வேண்டிய தாள்கள் எல்லாவற்றையும், கெட்டுப்போனால் மாற்ற இரண்டொரு தாள் கூடுதலாகவும், அச்சுப்பொறியைக் கட்டும் முன்பே ஒரே மூச்சில் அச்சிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். இங்க்ஜெட் அச்சுப்பொறி பல வாரம் ஓடாமல் கிடந்தால் மை தெளிக்கும் முனைகள் காய்ந்து அடைத்துக்கொள்ளும் என்பதும் இந்தக் கணக்கில் சேரும்.

இரண்டாம் வழியைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. வழக்கம்போலத் தொடர்வது என்பது முடிவெடுக்காமல் இருப்பதற்கு இன்னொரு பெயர். வீடு பார்க்க வருபவர் அறையின் அளவையும் வெளிச்சத்தையும் பார்க்க வருகிறார். தட்டு நிறைய வண்ண மாதிரிகள் இருந்தால் அவர் கண் அவற்றின் மேல்தான் போகும், அறையின் மேல் போகாது. ரசித்துவிட்டுப் போவார், ஆனால் அது வீட்டுக்கான ரசனை அல்ல. பின்னறையைப் படுக்கையறையாகக் காட்ட வேண்டிய இடத்தில் அது ஒரு பட்டறையாகத் தெரிகிறது. வருபவர்கள் குழந்தைகளோடு வருவார்கள் என்பதால், மேசையில் திறந்து கிடக்கும் கட்டர் கத்தி ஒன்றே இந்த வழியை நிராகரிக்கப் போதுமான காரணம். வீட்டை விற்க வேண்டியவரும் கலைப்பொருள்கள் இருக்கும் வீட்டுக்காரரும் வேறு வேறாக இருந்தால், அதாவது விற்கப்படும் வீட்டில் உங்கள் பொருள் எதுவுமே இல்லாவிட்டால், இந்த வழியைக் கொஞ்சம் நீட்டிக்கலாம். அப்போதும் சாமான் ஏற்றும் நாளுக்கு முந்தைய இரவு அனைத்தும் கணக்கு கேட்கும்.

மூன்றாம் வழி கேட்பதற்கு மிக அழகாக இருக்கும். விற்பனை விளம்பரம் வெளிவரும் முன்பே மாதிரிகளையும் கருவிகளையும் புது வீட்டுக்கோ உறவினர் வீட்டுக்கோ கொண்டுபோய், அங்கே ஒரு மேசையையும் போட்டுவிட்டால், விற்கும் வீடு காலியாகும், கலையும் நிற்காது. புது வீட்டின் சாவி முன்கூட்டியே கையில் இருப்பவருக்கு இது உண்மையிலேயே நல்ல வழி. மாதிரிகளை லாரியில் ஏற்றாமல், ஒவ்வொரு முறை போகும்போதும் இரண்டொன்றாக மடியிலோ கையிலோ வைத்து எடுத்துப்போக முடிவது இந்த ஒரு வழியில் மட்டும்தான். ஆனாலும் எனக்கு இதில் இரண்டு தயக்கங்கள் உண்டு. ஒன்று, ஆள் குடியேறாத வீடு காகிதத்துக்கு நல்ல துணை அல்ல. பூட்டியே கிடக்கும் அறையின் ஈரமும், பிறகு நடக்கும் பூச்சு வேலையின் தூசியும் மாதிரிகளின் மடிப்புகளுக்குள் புகுந்துவிட்டால் துடைத்து எடுக்க முடியாது. இரண்டாவது தயக்கம் பொருளைப் பற்றியது அல்ல. குடும்பம் முழுவதும் ஒரு வீட்டில் பாத்திரங்களையும் பழைய காகிதங்களையும் பிரித்துக்கொண்டிருக்கும்போது, இன்னொரு வீட்டில் எனக்கென்று ஒரு மேசை தயாராக இருந்தால், நான் அங்கே போய்விடுவேன். அப்படி ஒருமுறை போனேன். பால்கனிக் கதவைச் சரிபார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பியவன் மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பியபோது, தங்கை தனியாக ஓர் அலமாரியை முடித்திருந்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் சட்டையில் ஒட்டியிருந்த காகிதத் துணுக்கைப் பார்த்துவிட்டாள்.

நான்காவது வழியைத்தான் நான் கடைசியில் தேர்ந்தேன், ஆகவே அதைச் சற்று விரிவாகவும் ஓரளவு சார்போடும் எழுதுகிறேன். ஏ4 தாள் மடங்காமல் படுக்கும் அளவுள்ள, மூடி நன்றாக அழுந்தும் தட்டையான பெட்டி ஒன்று. அதற்குள் ஏ4 அளவுக் கட்டிங் மேட், மூடியுள்ள கட்டர், 15 சென்டிமீட்டர் ஸ்டீல் ஸ்கேல், மடிப்புக்கோடு கீற மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா, ஓர் இடுக்கி, சிறிய பசைக் குப்பி, வெட்டிய பாகங்களுக்கு ஜிப் பைகள், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று. இதற்கு மேல் ஒன்றும் கிடையாது. இதில் அடங்காத கருவி வேண்டும் என்று ஒரு வேலை கேட்டால், அந்த வேலை புது வீட்டுக்குரியது.

இந்த வழியின் வெற்றி பெட்டியில் இல்லை, பெட்டிக்கு ஏற்ற வேலையைத் தேர்வதில் இருக்கிறது. அதற்கு நான் வைத்துக்கொண்ட சோதனை இது: வீடு பார்க்க அரை மணி நேரத்தில் வருகிறோம் என்று தரகர் தொலைபேசியில் சொன்னால், கையிலிருக்கும் வேலையை ஐந்தே நிமிடத்தில், எதையும் கெடுக்காமல் மூடி வைக்க முடிய வேண்டும். ஒட்டும் வேலை இந்தச் சோதனையில் தோற்கிறது. வெள்ளைப் பசை சில நிமிடங்களில் பிடித்துக்கொண்டாலும் முழுதாக இறுக ஏறத்தாழ ஒரு நாள் ஆகும், அதற்குள் பெட்டிக்குள் சாய்த்து வைத்தால் மாதிரி கோணிவிடும். வெட்டுவதும் மடிப்புக்கோடு கீறுவதும் வெட்டிய விளிம்புகளின் வெண்மையை வண்ணம் தொட்டு மறைப்பதும் தேறுகின்றன, ஏனெனில் அதுவரை எல்லாம் தட்டையாகவே இருக்கிறது. பெரிய மாதிரி ஒன்றில் உழைப்பில் பெரும்பங்கு இந்தத் தட்டையான கட்டத்திலேயே கழிந்துவிடும் என்பது செய்பவர்களுக்குத் தெரியும். என் கலங்கரை விளக்கத்தின் எஞ்சிய பாகங்கள் அத்தனையையும் இந்த மாதங்களில் வெட்டி, பாக எண் எழுதிய பைகளில் போட்டு முடித்தேன், ஒன்றைக்கூட ஒட்டவில்லை.

பசையே வேண்டாத வேலை என்றால் அலகு ஒரிகாமி இருக்கிறது: ஒரே மாதிரி மடித்த பல தாள் அலகுகளைக் கோத்து உருவம் செய்யும் கலை. சொனோபே என்னும் அலகு ஒன்றைச் செய்ய ஒரு சதுரத் தாள் போதும். ஆறு அலகுகள் சேர்ந்தால் கனசதுரம், முப்பது சேர்ந்தால் முனைகள் துருத்திய உருண்டை. மடித்த அலகுகள் தட்டையாக ஒரு கடித உறைக்குள் அடங்கும், ஒன்றின் காதை மற்றொன்றின் பைக்குள் செருகுவதால் மட்டுமே உருவம் நிற்பதால் கோத்த உருண்டையையும் பிரித்து மறுபடி தட்டையாக்கிவிடலாம். வங்கியிலும் அலுவலகங்களிலும் முறைக்காகக் காத்திருந்த நேரங்களில், கத்தியும் இல்லாமல் பசையும் இல்லாமல், அறுபதுக்கும் மேற்பட்ட அலகுகள் மடித்தேன். காகிதக் கீற்றுகளைச் சுருட்டி ஒட்டும் குயில்லிங் செய்பவர்களுக்கும் இந்த வழி ஒத்துவரலாம். ஆனால் சுருட்டிய வளையங்கள் ஒட்டப்படும்வரை எளிதில் அவிழும், ஒட்டியபின் எளிதில் நசுங்கும் என்பதால் நான் அதைச் சிபாரிசு செய்யத் தயங்குகிறேன். கணினியோடு இணைந்த வெட்டும் இயந்திரத்தை நம்பிச் செய்பவர்களுக்கு இந்த வழியே இல்லை. அவர்கள் முதல் வழிக்குத்தான் போக வேண்டும்.

நேரம் என்ற கோரிக்கையில் இந்த வழி எப்படி நிற்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். விற்பனையில் நாம் கற்பனை செய்வதைவிட ஓட்டம் குறைவு, காத்திருப்பு அதிகம். வீட்டைத் தயார்செய்து படம் எடுக்கும் முதல் வாரங்களில் பெட்டியைத் திறக்கவே முடியவில்லை, திறந்திருக்கவும் கூடாது. வாங்குபவர் உறுதியாகி, ஆவணங்கள் ஒவ்வொரு கையாக நகர்ந்துகொண்டிருந்த இடைக்காலத்தில் மாலைகள் கிடைத்தன. சாமான் ஏற்றுவதற்கு முந்தைய இரண்டு வாரம் மறுபடி ஒன்றுமில்லை. ஆகவே இதை இத்தனை மணி நேரம் தினமும் என்று கணக்கிட்டுத் தொடரும் வழியாக எண்ணிக்கொள்பவர் ஏமாறுவார். வேலை நிற்கும்போது நிற்கவும், இடைவெளி வரும்போது தேடாமல் கைக்கு எட்டவும் வழி செய்வதே இதன் பயன். அந்த அளவுக்கு முதல் வழியும் நான்காம் வழியும் ஒன்றுக்கொன்று பகையல்ல, ஒரு பெட்டியைத் தவிர மீதியெல்லாம் இரண்டிலும் ஒரே மாதிரிதான் கட்டப்படுகின்றன.

அந்த மீதியில் செய்து முடித்த மாதிரிகள்தான் சிக்கலானவை. எடுத்துச் செல்வது, படம் எடுத்துவிட்டுக் கழிப்பது, விரும்புபவரிடம் கொடுப்பது என்று அங்கும் ஓர் ஒப்பீடு தேவைப்படுகிறது. மறுபடி செய்ய முடியுமா என்பதே எனக்கு உதவிய கேள்வி. முப்பரிமாண உருவத்தை வெட்டி ஒட்டும் தாள் வரைவாக மாற்றும் பெபகுரா போன்ற மென்பொருளின் கோப்போ பிடிஎஃப் கோப்போ கையில் இருக்கும் மாதிரியை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். அச்சிட்ட தாளாக மட்டுமே கிடைத்து, பதிப்பு நின்றுபோன தொகுப்பிலிருந்து செய்ததை மறுபடி செய்ய முடியாது. இந்தக் கணக்கின்படி, அச்சிட்டு வைத்திருந்த தாள் குவியலில் முக்கால் பங்கைக் கோப்புகளை இரண்டு இடங்களில் படியெடுத்து வைத்துக்கொண்டு கழித்துவிட்டேன், கைவேலையில் திருப்தி தந்த சிலவற்றையும் கோப்பு இல்லாதவற்றையும் வைத்துக்கொண்டேன். கணக்கு ஓரிடத்தில் தோற்றது. பத்து வயதில் நான் செய்த, கூரை ஒருபக்கம் சரிந்த அட்டை வீடு ஒன்று நியாயப்படி முதலில் போயிருக்க வேண்டும். அம்மா அதைத் தன் புடவைகளோடு வைத்துக் கட்டிவிட்டார். அது என் பொருளே அல்ல, அவருடையது என்பதை அப்போதுதான் புரிந்துகொண்டேன். பெற்றோர் வீட்டில் விட்டுவைத்த கைவேலைகளைக் கழிக்கும் முன் கேட்டுவிடுவது நல்லது.

எடுத்துச் செல்பவற்றைக் கட்டுவதில் நான் கற்றவை சில உண்டு. செய்தித்தாளில் சுற்றினால் அதன் மை வெள்ளைப் பரப்பில் ஒட்டிவிடும். அச்சில்லாத மெல்லிய தாளே வேண்டும். ரப்பர் பேண்டு விளிம்புகளைக் கடித்துக் குழியாக்கும், வெயிலில் இளகி ஒட்டவும் செய்யும். சூடான பசைத் துப்பாக்கியால் ஒட்டிய மூட்டுகள் வெயிலில் நிற்கும் வண்டிக்குள் தளர்ந்துவிடலாம். கட்டிங் மேட்டைச் சுருட்டக் கூடாது, சுருண்ட நிலையில் சூடு பட்டால் அப்படியே நின்றுவிடும். தெளிப்பானில் வரும் பசையும் மெருகும் எரியக்கூடியவை என்பதால் சாமான் ஏற்றுபவர்கள் பொதுவாக அவற்றை வாங்க மாட்டார்கள். முன்பே பயன்படுத்தித் தீர்ப்பதோ கொடுத்துவிடுவதோ உத்தமம். கழற்றக்கூடிய பாய்மரத்தையும் இறக்கைகளையும் கழற்றி, தனிப் பையில் போட்டு, அந்தப் பையை அதே மாதிரியின் பெட்டிக்குள்ளேயே வைக்க வேண்டும். தனியாக வைத்த பை எங்கே போனது என்பதை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

என் முடிவை இப்படித் தொகுப்பேன், மற்றவர்களுக்கு அது மாறலாம். புது வீட்டின் சாவி ஒரு மாதமாவது முன்பே கையில் இருந்து, குடும்பத்தில் வேலை செய்ய ஆள் போதுமான அளவு இருந்தால் மூன்றாம் வழி எல்லாவற்றையும்விட நல்லது. பெற்றோர் முதியவர்களாகவோ உடல்நலம் குன்றியவர்களாகவோ இருந்து, பிரிக்கும் வேலை முழுவதும் ஒருவர் தலையில் விழுந்தால், முதல் வழியைத் தயங்காமல் எடுக்கலாம்; ஒரு பெட்டியைப் பார்த்துப் பார்த்துத் திறக்க முடியவில்லையே என்று ஏங்குவதைவிட அதைக் கண்ணில் படாமல் கட்டிவைப்பது மனத்துக்கு இலேசு. இவ்விரண்டுக்கும் இடையில் இருப்பவர்களுக்கு, அதாவது வேலையும் இருக்கிறது, காத்திருப்பும் இருக்கிறது என்ற நிலையில் பலரும் இருப்பதால் அவர்களுக்கு, நான்காம் வழி. எதைத் தேர்ந்தாலும் வீட்டாரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்: இந்தப் பெட்டி ஒன்று மட்டும் என்னோடு இருக்கும், மற்றதெல்லாம் நீங்கள் சொல்கிற நாளில் போய்விடும் என்று நான் சொன்ன பிறகு, மேசையில் கட்டர் இருப்பதைப் பற்றி யாரும் முகம் சுளிக்கவில்லை.

சாமான் ஏற்றிய நாளில் அந்தப் பெட்டி லாரியில் போகவில்லை. சாவி, ஆவணப் பை, மருந்துகள் ஆகியவற்றோடு என் மடியில் வந்தது. புது வீட்டில் கட்டிலும் அடுப்படியும் நிலைகொள்ள நான்கு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் மாலை, பைகளை எண் வரிசைப்படி எடுத்துவைத்து, கலங்கரை விளக்கத்தின் அடிவட்டத்தை ஒட்டத் தொடங்கினேன்.